கிட்டார் வாங்கிய 10 பேரில் 9 பேர் ‘கம்பி நீட்டுகிறார்கள்’! பள்ளிக்கூட ஸ்கேல் வைத்தால் குற்றவாளி சிக்கும்

சென்னை:-

ஆசை ஆசையாக கிட்டார் வாங்குகிறார்கள். முதல் வாரம் தூக்கமே வராது. இரண்டாவது வாரம் விரல் வலி. மூன்றாவது மாதம் கிட்டார் உறைக்குள் போகிறது. ஆறாவது மாதம் பரண் மேல் ஏறிவிடுகிறது, கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில்!

இது நம்ம ஊர் கதை மட்டும் அல்ல.

கிட்டார் தயாரிப்பதில் உலகப் புகழ் பெற்ற அமெரிக்க கம்பெனி பெண்டர். 2015-ல் அதன் தலைமை நிர்வாகியாக பொறுப்பு ஏற்றவர் ஆண்டி மூனி. புதிதாக கிட்டார் பிடிப்பவர்களில் 100-க்கு 90 பேர் ஒரு வருடத்துக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று அவரே பேட்டிகளில் சொல்லி இருக்கிறார். சரக்கு விற்கிறவரே இப்படிச் சொன்னால் நாம் நம்பத்தான் வேண்டும்.

வீட்டில் அப்புறம் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

“மூணு மாசமா அந்தப் பெட்டியை தொட்டே பார்க்கலைங்க” என்பார் அம்மா. “எனக்கு அப்பவே தெரியும், இவனுக்கு சங்கீதம் எல்லாம் வராது” என்பார் அப்பா. பையன் தலை குனிந்து நிற்பான். அவனும் தனக்கு வராது என்றே முடிவு கட்டி விடுவான். தங்கைக்கு பாட்டு கிளாஸ் கேட்டால்கூட, “அண்ணன் கிழிச்சது போதும்” என்று பதில் வரும்.

பணம் போனால் போகட்டும். ‘உனக்கு வராது’ என்று விசாரணையே இல்லாமல் தீர்ப்பு எழுதுகிறார்களே, அதுதான் கொடுமை. இந்த வழக்கை கொஞ்சம் கிளறிப் பார்ப்போம்.

யார் குற்றவாளி?

கிட்டாரில் 6 கம்பிகள். கழுத்து நெடுக குறுக்கே உலோகக் கட்டைகள் பதித்து இருக்கும். வீணையில் மெட்டு என்கிறோமே, அதேதான். இங்கிலீஷில் பிரெட். கம்பியை விரலால் அழுத்தி மெட்டு மேல் படிய வைத்தால் சத்தம் வரும்.

கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவே எவ்வளவு உயரம் இருக்கிறது என்பதுதான் விஷயமே. இதை ‘ஆக்‌ஷன்’ என்பார்கள். சினிமா சண்டைக்காட்சி இல்லை, கம்பியின் உயரம். விலை மலிவான கிட்டார் பலவற்றில் இந்த உயரம் கன்னாபின்னா என்று இருக்கும். பத்து வருடம் வாசித்தவருக்கே அதை அழுத்த முடியாது. பதினாலு வயசுப் பையன் என்ன செய்வான்?

இன்னொரு அநியாயமும் உண்டு. உயரத்தில் இருக்கும் கம்பியை கீழே அழுத்தும்போது அது இழுபடும். இழுபட்டால் சுருதி ஏறிவிடும். ஆக, நீங்கள் ஒழுங்காக சுருதி சேர்த்து, சரியான இடத்தில் விரல் வைத்தாலும் அபஸ்வரம்தான் வரும். பையனுக்கு காது நன்றாக இருந்தால் இன்னும் ஆபத்து. தப்பாகக் கேட்கிறது என்பது அவனுக்கு தெரியும். தப்பு தன்னுடையது என்று நினைத்துக் கொள்வான்.

ஸ்கேல் சோதனை

கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் எடுத்துச் செல்லுங்கள். ஸ்கேலின் ஓரத்திலேயே பூஜ்யம் தொடங்குகிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். சில ஸ்கேலில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் கோடு போட்டிருப்பான்.

கிட்டாரின் தலைப்பக்கத்தில் இருந்து 12-வது மெட்டை எண்ணுங்கள். கம்பியின் மொத்த நீளத்தில் சரிபாதி அது. பெரும்பாலான இரும்புக் கம்பி கிட்டார்களில் அந்த இடத்தில் இரண்டு புள்ளி வைத்து இருப்பார்கள். அங்கே, மெட்டின் உச்சியில் இருந்து மிகத் தடிமனான கம்பியின் அடிப்பாகம் வரை அளந்து பாருங்கள்.

இரும்புக் கம்பி கிட்டார் என்றால் 2 முதல் 2½ மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. 3 என்றால் பரவாயில்லை. 4-ஐ தாண்டினால் கடைக்காரரிடம் இறக்கித் தரச் சொல்லுங்கள். “வாசிக்க வாசிக்க சரியாயிடும் சார்” என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். கம்பி உயரம் வாசிப்பதால் இறங்காது. நாள் ஆக ஆக ஏறத்தான் செய்யும்.

ஏன் ஏறுகிறது? 6 இரும்புக் கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கிற பலம் சுமார் 70 கிலோ. ஒரு ஆள் கழுத்தைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி! இரவும் பகலும் இந்த இழுப்பு. கூடவே சென்னையின் கடல் காற்று ஈரம். மரம் உப்புகிறது, வளைகிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை வைத்துவிட்டுப் போனால் கேட்கவே வேண்டாம். உள்ளே பசை இளகி பலகை தூக்கிக் கொள்ளும்.

கழுத்தின் வளைவை சரி செய்ய உள்ளே ஒரு முறுக்குக் கம்பி வைத்து இருப்பார்கள். அதை நீங்களே ஸ்பானர் போட்டு திருகாதீர்கள். அதிகம் முறுக்கினால் உடைந்து விடும், கிட்டாரும் குளோஸ். தெரிந்த ரிப்பேர்காரரிடம் கொடுத்தால் வளைவைச் சரி செய்து, பாலத்தின் மேல் உள்ள வெள்ளைப் பட்டையையும் அளவாகத் தேய்த்து இறக்கித் தருவார். புது கிட்டார் வாங்கும் செலவில் இது கால்வாசி கூட வராது.

நைலானா? இரும்பா?

கடையில் இரண்டு வகை தொங்கும். ஒன்றில் மெல்லிய மூன்று கம்பிகள் நைலானாக இருக்கும். கழுத்து அகலம். இது கிளாசிக்கல் கிட்டார். மற்றது இரும்புக் கம்பி போட்டது. சினிமாப் பாட்டுக்கு ஜிங் ஜிங் என்று அடிப்பது பெரும்பாலும் இதுதான்.

விரலுக்கு நைலான் இதமானது. இழுப்பும் இரும்பில் ஏறக்குறைய பாதிதான். கம்பி உயரம் 3, 4 மில்லிமீட்டர் இருந்தாலும் அழுத்த முடியும். விரல் குட்டையானவர்களுக்கு மட்டும் அந்த அகலக் கழுத்து கொஞ்சம் சிரமம். சின்னப் பிள்ளைகளுக்கு முக்கால் அளவு, அரை அளவு கிட்டார்களும் இருக்கின்றன. எட்டு வயசுக் குழந்தை மடியில் பெரிய கிட்டாரை வைத்து போட்டோ எடுக்கலாம், வாசிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. நைலான் கிட்டாரில் சத்தம் பத்தவில்லை என்று இரும்புக் கம்பி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இழுப்பை அது தாங்காது. ஒரு நாள் ‘படார்’ என்று பாலம் பெயர்ந்து வந்துவிடும்.

பழைய கிட்டார், புதிய மோசடி

ஒரு காலத்தில் பழைய சாமான் என்றால் சென்னைக்காரர்கள் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டுக்கு போவார்கள். 1985-ல் அது தீயில் கருகிப் போனது. இப்போது பழைய சாமான் சந்தை செல்போனுக்குள் நடக்கிறது. ஆளைப் பார்க்காமலே பேரம்!

இதில் அடிக்கடி நடக்கும் பித்தலாட்டம் இப்படி இருக்கும். “நான் ராணுவத்தில் இருக்கிறேன். வேறு ஊருக்கு மாற்றல். கிட்டாரை பாதி விலைக்குத் தருகிறேன்” என்று ஒரு விளம்பரம். மிலிட்டரி டிரஸ் போட்ட போட்டோ, அடையாள அட்டை எல்லாம் வரும். முதலில் லாரி வாடகை என்று கொஞ்சம் பணம் கேட்பான். பிறகு கேட் பாஸ் என்பான். பணம் திரும்ப வரும் என்று ஒரு கட்டம் போட்ட படத்தை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வான். ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் உங்கள் பணம்தான் போகும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண்ணே தேவை இல்லை. இதை வீட்டுப் பிள்ளைகளுக்கு சொல்லி வையுங்கள்.

ஏமாந்து போனால் நேரத்தைக் கடத்தாமல் 1930-க்கு போன் செய்ய வேண்டும். சைபர் குற்றங்களுக்கான நாடு தழுவிய எண் அது.

நேரில் வாங்கினாலும் பழைய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். களவுச் சாமான் என்று தெரிந்தே வாங்குவது குற்றம். 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கு 317-வது பிரிவு இருக்கிறது. கிட்டார் கற்கப் போய் ஸ்டேஷனில் நிற்க வேண்டுமா?

முதல் நாளே ச ரி க ம

கிட்டார் வந்தாச்சு. முதல் வேலை சுருதி சேர்ப்பது. செல்போனில் இதற்கு இலவச ‘டியூனர்’ நிறைய உண்டு. கிட்டார் தலையில் கிளிப் மாதிரி மாட்டுகிற கருவியும் கடையில் கிடைக்கும். தெருச் சத்தத்தில் கிளிப்தான் மேல்.

தடித்த கம்பியில் இருந்து மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. தரைப்பக்கம் இருக்கும் மெல்லிய கம்பிதான் ஒன்றாவது. புதுசாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாக எண்ணிக் குழம்புவார்கள். ஆணியை முறுக்கும்போது கம்பிக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். ஒன்றாவது கம்பி பட்டென்று அறுந்து அடிக்கும். புதுக் கம்பி முதல் சில நாள் இறங்கிக் கொண்டேதான் இருக்கும். இழுபட்டு படிந்தால்தான் நிலைக்கும். கிட்டார் கெட்டுப் போச்சு என்று பயப்பட வேண்டாம்.

இனி பாட்டு. இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இரண்டாவது கம்பியில் முதல் மெட்டில் அழுத்துங்கள். அது ஸ. அதே கம்பியில் மூன்றாவது மெட்டு, ரி. ஒன்றாவது கம்பியை எதுவும் அழுத்தாமல் சும்மா தட்டினால் க. அதில் முதல் மெட்டு ம, மூன்றாவது ப, ஐந்தாவது த, ஏழாவது நி, எட்டாவது மேல் ஸ.

என்ன கேட்கிறது? சங்கராபரணம்! நம்ம 29-வது மேளகர்த்தா. வெள்ளைக்காரன் இதையே சி மேஜர் என்கிறான். பாட்டு கிளாசில் சரளி வரிசை பாடிய பிள்ளை என்றால் அரை மணி நேரத்தில் அதை கிட்டாரில் தட்டிவிடும். ‘எனக்கு வராது’ என்ற பேச்சு அன்றைக்கே பாதி குறைந்து விடும்.

அழுத்தும் இடம் முக்கியம். மெட்டுக் கட்டையின் மேலே வைக்கக்கூடாது. அதை ஒட்டி, தலைப்பக்கமாக ஒரு நூல் தள்ளி, விரல் நுனியால் அழுத்த வேண்டும். இரண்டு மெட்டுக்கு நடுவே அழுத்தினால் இரட்டிப்பு பலம் வேண்டும், ‘கிர்’ என்ற சத்தம் வேறு வரும். விரல் வலி என்று சொல்கிற பலருக்கு விஷயம் இதுதான்.

இரண்டே இரண்டு கார்டு

பல சுரங்களை ஒரே நேரத்தில் மீட்டுவது கார்டு. புத்தகத்தைத் திறந்தால் நூறு படம் போட்டிருப்பான். நூறும் வேண்டாம். முதல் மாதம் இரண்டு போதும்.

ஈ மைனர். ஐந்தாவது கம்பியிலும் நான்காவது கம்பியிலும் இரண்டாவது மெட்டில் நடுவிரலும் மோதிர விரலும். அவ்வளவுதான். ஆறு கம்பியையும் மீட்டலாம்.

ஏ மைனர். அதே இரண்டு விரலை அப்படியே ஒரு கம்பி கீழே இறக்கி நான்கு, மூன்றாவது கம்பிகளில் வையுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டாவது கம்பி, முதல் மெட்டில் வையுங்கள். தடித்த ஆறாவது கம்பியை மட்டும் விட்டுவிட்டு மீட்டுங்கள்.

இதில் இருந்து அதற்கும், அதில் இருந்து இதற்கும் மாறிக் கொண்டே இருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மாறுகிறீர்கள் என்று எண்ணுங்கள். முதல் நாள் ஐந்து, ஆறு வரும். தினமும் காலண்டரில் எழுதி வையுங்கள். 30 வந்துவிட்டால் பாட்டுக்குள் நுழையலாம். பிறகு சி, ஜி, டி என்று சேர்த்துக் கொண்டே போனால் ஏகப்பட்ட பாட்டு கைக்குள் வந்துவிடும்.

தினமும் கால் மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து தேய்ப்பதில் விரல்தான் புண்ணாகும்.

இங்கே ஒரு சங்கதி. கடைக்கு வருகிற வாலிபர்களில் ஏராளமானவர்கள் 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாட்டைத்தான் முதலில் தட்டிப் பார்க்க ஆசைப்படுவார்கள். ஆசை தப்பில்லை. ஆனால் அதில் ஒவ்வொரு கம்பியாக விரல்கள் தனித்தனியே ஓட வேண்டும். பெரிய கைகாரர் வாசித்தது. முதல் மாதம் அதில் கை வைத்து மனம் உடைந்து போனவர்கள் எத்தனை பேரோ! ஒரு வருடம் பொறுங்கள், அது எங்கேயும் ஓடிவிடாது.

விரல் நுனி துண்டான வாலிபர்

வலிக்கத்தான் செய்யும். விரல் நுனி சிவக்கும். மூன்று, நான்கு வாரத்தில் தோல் காய்ப்பு ஏறிவிடும். அதற்குப் பிறகு தெரியாது. வலி தாங்காவிட்டால் கம்பியை மாற்றுங்கள். இரும்புக் கம்பி பாக்கெட்டில் 10, 11, 12 என்று நம்பர் இருக்கும். 12-ஐ விட 10 மெலிசு. கடையில் ‘10 செட்’ என்று கேட்டால் தருவார்கள்.

மணிக்கட்டில், முழங்கையில் வலித்தாலோ விரல் மரத்துப் போனாலோ அது வேறு விவகாரம். வாசிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மெலிசுக் கம்பி என்றால் கேவலம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் டோனி அயோமியின் கதையைக் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து வாலிபர். இடது கைக்காரர் என்பதால் வலது கை விரல்களால்தான் கம்பியை அழுத்துவார். 1965-ல் தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. வயது 17. அன்றுதான் வேலைக்கு கடைசி நாள். மெஷினில் கை சிக்கியது. வலது கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் துண்டாகிவிட்டன!

இனி கிட்டார் கிடையாது என்று இடிந்து போனார். அப்போது தொழிற்சாலை போர்மேன் ஒரு இசைத்தட்டைக் கொண்டு வந்து போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரெயின்ஹார்ட். 1928-ல் அவர் வசித்த வண்டி வீடு தீப்பிடித்து, இடது கையில் இரண்டு விரல் செயல் இழந்து போனவை. மிச்ச விரல்களை வைத்து ஐரோப்பாவையே கலக்கியவர்.

கேட்டதும் அயோமி எழுந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு தொப்பி செய்தார். மேலே தோல் ஒட்டினார். சாதாரணக் கம்பி வலித்தது. மெல்லிய பாஞ்சோ கம்பியை மாட்டிக் கொண்டார். 1970-ல் அவருடைய ‘பிளாக் சபாத்’ குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. உலகம் பூராவும் ‘ஹெவி மெட்டல்’ பைத்தியம் பிடித்ததில் அந்தக் கைக்கு பெரிய பங்கு உண்டு.

ஆகவே, 10-ம் நம்பர் கம்பி கேட்க வெட்கப்பட வேண்டாம்.

மாஸ்டர் வேண்டுமா?

வீடியோ பார்த்தே கற்றுக் கொண்டவர்கள் உண்டு. இருந்தாலும் முதல் மூன்று மாதம் யாராவது ஒருவர் கையைப் பார்த்துச் சொன்னால் நல்லது. மணிக்கட்டு வளைந்து இருப்பதை வீடியோ கண்டுபிடிக்காது.

இளையராஜா 1976-ல் ‘அன்னக்கிளி’யில் புகழ் அடையும் முன்பு ஜி.கே.வெங்கடேஷ் குழுவில் கிட்டார் வாசித்தவர். அவரே தன்ராஜ் மாஸ்டரிடம் போய் உட்கார்ந்து மேல்நாட்டு இசையை முறையாகப் படித்தார்.

பரீட்சை எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு லண்டன் டிரினிட்டி காலேஜ் தேர்வுகள் இருக்கின்றன. எட்டு கிரேடு. ஆனால் பரீட்சைக்காகவே மூன்று பாட்டை வருடம் பூராவும் அரைக்கிற வகுப்பில் பிள்ளைக்கு சலிப்பு தட்டிவிடும். முதல் வாரமே எப் கார்டு பிடிக்கச் சொல்லும் வகுப்பையும் யோசித்துத்தான் சேர வேண்டும். அதில் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து ஒன்றுக்கு மேற்பட்ட கம்பியை ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்களுக்கே அது தண்ணி காட்டும். ஒரு வருட பீஸை மொத்தமாக முன்கூட்டியே கேட்டால், இரண்டு வகுப்பு பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

பரண் மேல் இருப்பவர்கள் கவனிக்க!

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கிறதா? இறக்குங்கள். தூசியைத் தட்டி 12-வது மெட்டில் ஸ்கேலை வையுங்கள். 5, 6 மில்லிமீட்டர் காட்டினால் உங்கள் பையன் அன்றைக்கு தலை குனிந்து நின்றதற்கு காரணம் கிடைத்துவிட்டது. அதை அவனிடம் சொல்லிவிடுங்கள். இப்போது அவனுக்கு முப்பது வயது ஆகியிருந்தாலும் சொல்லலாம்.

பாலம் பெயர்ந்து இருக்கிறதா, கழுத்து சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் ரிப்பேர்காரரிடம் கொண்டு போகலாம். துருப்பிடித்த கம்பியில் வாசிக்கக்கூடாது, விரலை அறுக்கும். புதுக் கம்பி ஒரு செட் சில நூறு ரூபாய்தான். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியைத் துடைத்து வைத்தால், நம்ம ஊர் வியர்வையிலும் கொஞ்ச நாள் கூடுதலாக உழைக்கும்.

சரி செய்த பிறகு மறுபடியும் பரணில் ஏற்ற வேண்டாம். டி.வி. பக்கத்தில் கண்ணில் படுகிற மாதிரி ஒரு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சுவரில் சாத்தி வைத்தால் சறுக்கி விழுந்து தலை முறிந்துவிடும்.

கழற்றிய பழைய கம்பியை அப்படியே குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். சுருட்டி, காகிதத்தில் மடித்துப் போடுங்கள். முனை ஊசி மாதிரி இருக்கும். காலையில் குப்பை வாங்க வரும் அம்மாவின் கையைக் குத்தும்.